பிட்டிங் ஃப்ரீ

போர்டு மாட்டும் வேலையில் எனக்குத் தெரிந்து அடிபட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தால், அறுபது அடி ஹோர்டிங்கிலிருந்து விழுந்தவர்கள் குறைவு. கடை வாசலில் பத்து, பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றவர்கள்தான் அதிகம். ஹோர்டிங் ஏறுகிறவனுக்குப் பயம் இருக்கிறது. ஏறுவதற்கு முன் கயிற்றை இழுத்துப் பார்ப்பான், பெல்ட் கேட்பான், காற்று அடித்தால் இறங்கிவிடுவான். பேக்கரி போர்டுக்கு ஏணி போடுகிறவன் செருப்போடு ஏறுவான், ஒரு கையில் டிரில் மெஷின், இன்னொரு கையில் போன். அந்த உயரத்தை யாரும் உயரம் என்று நினைப்பதில்லை.

கோவையில் பெயின்ட் போர்டு காலம் முடிந்து பிளெக்ஸ் வந்த சமயத்தில் நான் உதவியாளாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்புறம் பிட்டர், அதாவது போர்டை ஏற்றி மாட்டுகிறவன், இப்போது கணபதி பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. மாட்டும் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன், பில் போடும் பக்கத்தையும் பார்க்கிறேன். இரண்டையும் பார்த்ததால் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: எங்கள் தொழிலில் விபத்துக்கான பாதி ஏற்பாடு, ஏணியை வெளியே எடுப்பதற்கு முன்பே, கொட்டேஷன் போடும்போதே முடிந்துவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். போர்டுக்கு விலை சதுர அடிக் கணக்கில்தான் பேசுவோம். பிளெக்ஸ் என்றால் ஒரு விலை, அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட்டில் அக்ரிலிக் எழுத்து வைத்து எல்இடி போட்டால் ஒரு விலை. பக்கத்துக் கடைக்காரர் ஐந்து ரூபாய் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். குறைக்க முடியாதபோது கடைசி வரியில் ‘டெலிவரி, பிட்டிங் ஃப்ரீ’ என்று எழுதுகிறோம். ஃப்ரீ என்று எழுதிவிட்ட வேலைக்கு யார் சாரம் வாடகைக்கு எடுப்பார்கள்? மூன்று ஆள் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு ஆள் போகும். மூன்றாவது ஆளுக்குப் பதில், லோடு ஆட்டோ ஓட்டி வந்த டிரைவர். பட்டறை வேலை முடிந்த பிறகு சாயங்காலம் கிளம்புவார்கள், ஏனென்றால் பகலில் போனால் அடுத்த ஆர்டர் நின்றுவிடும். இதற்கு மேல் முகூர்த்தம் வேறு. விடியற்காலை ஆறு மணிக்குத் திறப்பு விழா என்றால் போர்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஏறும். கண்ணாடிக்காரர், பெயின்டர், ஏசிக்காரர் எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகு கடைசியாக நாங்கள். மொபைல் டார்ச் வெளிச்சத்தில் டிரில் போட்டு மாட்டிய போர்டுகள் இந்த ஊரில் எத்தனையோ.

செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது அந்த மூன்றாவது ஆளைத்தான். அவன் எதற்கு என்று கேட்பார்கள். சும்மா நின்று மேலே பார்ப்பதற்கு.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மாடிக் கடைக்கு பிரேம் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது நான் வேறொரு கடையில் பிட்டர். ஸ்கொயர் பைப் இருபது அடி நீளத்தில்தான் வரும், அந்த நீளத்தையே அப்படியே வைத்து பிரேம் அடித்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறக்கி, சுவரோரம் நிமிர்த்தி, மாடியிலிருந்து கயிறு போட்டு இழுப்பதாகத் திட்டம். நிமிர்த்தும்போது கீழே பிடித்திருந்த மூவரும் பார்த்தது சுவரில் இருந்த ஓட்டைகளை. மாடியில் கயிறு பிடித்திருந்தவர் பார்த்தது கயிற்றை. பிரேமின் மேல்முனை தெருப் பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் ஒருவர்தான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார்.

“ஏனுங் தம்பி, நிறுத்துங்க! மேல கம்பிங்க, மேல பாருங்க!”

மேலே மூன்று மொட்டைக் கம்பிகள். எச்டி லைன், அதாவது உயர் அழுத்த மின்கம்பி. பிரேமுக்கும் கம்பிக்கும் ஒரு கை நீளம் இருக்கும். அப்படியே அசையாமல் பிடித்து, மெதுவாகப் படுக்க வைத்தோம். உதவிக்கு வந்திருந்த பையன் ஒருவன், “அண்ணா, அது கேபிள் டிவி ஒயருன்னு நெனச்சனுங்க” என்றான். இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. அவனிடம் அதற்கு முன்பு யாரும் எது எந்த லைன் என்று காட்டியதே இல்லை.

இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போய் வீடுகளுக்குக் கரன்ட் கொடுக்கும் தாழ்வழுத்த எல்டி லைன் 230, 415 வோல்ட். அதற்கு மேலேயோ தனிக் கம்பத்திலோ, வட்டு வட்டான பீங்கான் இன்சுலேட்டரில் உட்கார்ந்து, பெரும்பாலும் மூன்றே கம்பியாகப் போவது 11,000 வோல்ட். மேலே உறை எதுவும் இருக்காது. அது தொட்டால் ‘ஷாக் அடித்தது’ என்று பிறகு சொல்லிக்கொள்ள ஆள் மிஞ்சுவது அபூர்வம். 2020 செப்டம்பரில் ஆந்திராவின் குப்பம் அருகே ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு பேனர் கட்டிய மூன்று இளைஞர்கள், 2023 ஜூலையில் நரசராவ்பேட்டை பக்கம் இரண்டு பேர், 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் கட்அவுட் நிறுத்திய மூன்று பேர். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நட்டபோது இறந்தவன் 13 வயதுச் சிறுவன். இதில் யாரும் எங்கள் தொழில்காரர்கள் இல்லை, ரசிகர்களும் சின்னப் பையன்களும்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தது நாங்கள் தினமும் தூக்கும் அதே இரும்பு. நீள இரும்பு, மேலே கம்பி, எல்லோர் கண்ணும் கீழே.

கட்டடத்துக்கும் 11,000 வோல்ட் லைனுக்கும் நடுவே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. கட்டடம் அசையாது, ஆனால் இருபது அடி பிரேம் அசையும், கம்பியும் காற்றில் ஊசலாடும். அதனால் எங்கள் கடையில் வைத்திருக்கும் கணக்கு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பத்து அடி மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேமை இரண்டு துண்டாக அடித்து மேலே போய் நட்டு போட்டு இணைப்போம். பட்டறையில் வெல்டருக்கு அரை மணி நேர வேலை கூடும், அவ்வளவுதான்.

அதுவும் முடியாத இடம் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன் ஆஃப் வாங்க வேண்டும். இங்கே ஒரு குறுக்கு வழி எங்கள் ஆட்களிடம் பிரபலம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்து அன்றைக்கு மாட்டுவது. நல்ல யோசனைதான், ஆனால் பாதி நல்ல யோசனை. கடையில் லைட் எரியவில்லை என்பதாலேயே உங்கள் தலைக்கு மேல் போகும் லைனும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது துணை மின் நிலையத்திலிருந்து தனியாக வரும் வேறொரு ஃபீடராக இருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்து சொன்ன நேரத்துக்கு முன்பே லைன் கொடுத்துவிடுவார்கள். ஜெனரேட்டரை ஒழுங்காக இணைக்காத ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து பின்பக்கமாகக் கரன்ட் ஏறி வரலாம். லைன்மேன் நேரில் வந்து, ஆஃப் செய்து, எர்த் போட்டு, “வேலை செய்யுங்க” என்று சொன்னால்தான் அது ஆஃப்.

யாராவது எச்டி லைனில் மாட்டிக்கொண்டால் கட்டையால் தட்டிவிடலாம் என்று ஓடாதீர்கள். 230 வோல்ட்டில் மெயினை அணைத்துவிட்டு, அணைக்க வழியே இல்லையென்றால் காய்ந்த கட்டையால் தள்ளலாம். 11,000-த்தில் அந்தக் கட்டையே போதாது, பக்கத்துத் தரையிலும் கரன்ட் பாயும். கிட்டே இருப்பவர்கள் கால்களைச் சேர்த்து வைத்தபடி இம்மி இம்மியாக நகர்ந்து விலக வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கும் 108-க்கும் போன் போட வேண்டும். மின்னகம் எண் 94987 94987. இந்த எண்ணை எங்கள் லோடு ஆட்டோவின் உள்பக்கம் ஸ்டிக்கராக வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஸ்டிக்கர் வெட்டுவதே தொழில், இதற்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்.

சின்ன கரன்ட் வேறு மாதிரி ஆளைச் சாய்க்கும். இப்போது பெரும்பாலான போர்டு எல்இடி. மாட்யூலுக்குப் போவது 12 வோல்ட், தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில் பிட்டர் போர்டுக்குள் கையை விடுகிறான். அந்த 12 வோல்ட்டைத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு உள்ளே வருவது 230 என்பது மறந்துபோகிறது. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே கிடந்த போர்டில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஊறிப்போய் பிரேம் முழுக்க கரன்ட் இருக்கும். ரிப்பேருக்கு ஏறியவன் இடது கையால் பிரேமைப் பிடித்தவுடன் உதறல். அந்த உதறல் பெரும்பாலும் அவனைக் கொல்லாது, தரையில் நின்றிருந்தால் “ஐயோ” என்று கையை உதறிவிட்டுச் சிரித்திருப்பான். ஏணியில் நிற்பதால் பின்பக்கமாக விழுகிறான். ஆஸ்பத்திரியில் எழுதுவது ‘உயரத்திலிருந்து விழுந்தவர்’ என்று. கரன்ட் கணக்கிலேயே வராது.

ரிப்பேருக்குப் போனால் சுவிட்சை அணைப்பது போதாது. பல கடைகளில் போர்டு லைனில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்தாலும் ஃபேஸ், அதாவது கரன்ட், உள்ளேயே நிற்கும். எம்சிபியை இறக்கி, அதன் மேல் ஒரு டேப் ஒட்டி, ‘ஆள் மேலே’ என்று எழுதிவிட்டு ஏறுவது எங்கள் வழக்கம். கடைப் பையன் “ஏன் லைட் எரியல” என்று தூக்கிவிடும் ஆபத்து உண்மையான ஆபத்து. புதுப் போர்டு என்றால் பிரேமுக்கு எர்த் ஒயர் கட்டாயம், அதோடு 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தாலே லைனைத் துண்டித்து விழும் ஆர்சிசிபி ஒன்று. கஸ்டமர் “இது எதுக்கு எக்ஸ்ட்ரா?” என்று கேட்டால், மழையில் உங்கள் ஷட்டரைப் பிடிப்பது நீங்கள்தானே என்பேன். அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்தது சிமென்ட் ஷீட் கூரை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது.

நான் வேலை பார்த்த ஒரு கடையில் வெல்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். ஒல்லி, ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். பழைய குடோன் ஒன்றின் முகப்பில் போர்டு. முன்பக்கம் ஏணி வைக்க இடமில்லை, சாக்கடை. அதனால் ஷீட் கூரை மேல் ஏறி முன்னால் வந்து மேலேயிருந்து மாட்டிவிடலாம் என்றார்கள். ஓனர் தரப்பில் ஒருவர், “போன வாரம்கூட ஆள் ஏறி இலை எல்லாம் கூட்டினாங்க, ஒண்ணும் ஆகல” என்று சொன்னார். அண்ணன் ஏறினார். அடியில் ஷீட்டைத் தாங்கும் கம்பி ஓடும் இடத்தில் மேலே போல்ட் வரிசை தெரியும். அந்த வரிசை மேலேயே காலை வைத்து நடந்து முன்னால் வந்துவிட்டார். ஆங்கிளைப் பிடித்து டேக் வெல்டிங், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டிங், போடும்போது உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தது. இடது கால் போல்ட் வரிசையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பட்டது. கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். வெல்டிங் ஹோல்டர் ஒயர் கூரை ஓட்டை வழியாகச் சரசரவென்று உள்ளே ஓடியது. உள்ளே போய்ப் பார்த்தபோது பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே சிமென்ட் தரையில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். நினைவு இருந்தது. “காலு தெரியலீங்க” என்றார்.

இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். முதுகில் அடிபட்டவரை அப்படி மடக்கித் தூக்கக் கூடாது, 108 வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு படுத்த நிலையில் விட வேண்டும் என்பதை அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அண்ணன் இப்போது நடக்கிறார், கைத்தடியோடு. வெல்டிங் இல்லை. மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

சிமென்ட் ஷீட் பழசாகும்போது மேலே கறுத்து, பாசி பிடித்து, பார்வைக்கு இன்னும் கெட்டியாகத் தெரியும். உண்மையில் நொறுங்கத் தயாராக இருக்கும். நேற்று ஒரு ஆளைத் தாங்கியது என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம், தூசி படிந்தால் சிமென்ட் ஷீட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கூரை மேல் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று கம்பிகளுக்கு மேலாகக் கிடக்கும்படி நீளப் பலகை போட்டு, பலகை மேல் மட்டும் நடக்க வேண்டும். எங்கள் கடையில் சிமென்ட் ஷீட் கூரை என்றால் ஏறுவதில்லை, ஆளைத் தூக்கும் ஸ்கை லிப்ட் வாடகை சேர்த்துத்தான் கொட்டேஷன். பக்கத்துக் கடைக்காரருக்கு ஆர்டர் போகிறது. போகட்டும்.

ஏணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே கால், உச்சியில் கட்டுக்கம்பியோ கயிறோ போட்டு ஒரு கட்டு, கீழே ஒரு ஆள். லைன் இருக்கும் இடத்துக்கு அலுமினிய ஏணி வேண்டாம். ஏசிபி ஷீட் முகப்பு மேல் ஏணி சாய்த்தால் வழுக்கும், ஷீட்டும் குழியும். இவ்வளவுதான். இதைக் கேட்டு மண்டை ஆட்டாத பிட்டர் கிடையாது, உச்சியில் கட்டு போடும் பிட்டரும் அபூர்வம்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று முதலாளிகள் நினைக்கிறோம். முதலில், இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விட்டுவிடுங்கள். அதில் விழுந்து தொங்கினால் முதுகும் குடலும் போகும். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு உடம்பு பெல்ட்தான் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொக்கிக் கயிறு ஆறு அடி. அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்தால் இன்னும் ஐந்து அடிக்கு மேல் நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஐந்து அடி. மிச்சம் ஒரு மூன்று அடியாவது வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 19, 20 அடி காலியாக இருந்தால்தான் அந்த பெல்ட் உங்களைத் தரைக்கு முன்னால் நிறுத்தும். பன்னிரண்டு அடி சன்ஷேடில் நின்றுகொண்டு காலடியில் இருக்கும் கம்பியில் கொக்கி மாட்டினால், பெல்ட் போட்டபடியே தரையில் விழுவீர்கள். அந்த உயரத்துக்குக் கயிற்றை விளிம்புக்கே போக முடியாத அளவு குட்டையாகக் கட்ட வேண்டும், அல்லது தலைக்கு மேலே மாட்ட வேண்டும். இல்லையென்றால் சாரம்.

கொக்கியை எதில் மாட்டுகிறோம் என்பது இன்னொன்று. பழைய போர்டின் பிரேமில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றப் போவதே அந்த பிரேமைத்தான்! கேபிள் டிவி கம்பி, ஏசி ஸ்டாண்டு, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், எல்லாவற்றிலும் மாட்டிப் பார்த்தாயிற்று. மொட்டை மாடித் தூணைச் சுற்றிக் கயிறு போட்டு அதில் மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவனை உடனே இறக்க வேண்டும். ஆடாமல் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரும், அது உயிருக்கே ஆபத்து. ஒரு கயிற்றில் சுருக்குப் போட்டு அவன் காலுக்கு எட்டும்படி விட்டால் அதை மிதித்து நின்று சமாளிப்பான். ஆள் தொங்கினால் எப்படி இறக்குவது என்று ஏறுவதற்கு முன்பே ஒரு பேச்சு இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்தால், “வாய வெச்சுத் தொலைக்காதீங்க” என்று பெரிய பிட்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். அபசகுனமாம்.

காற்றுக்கு வருவோம். கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று தெரிந்த காற்று, நாள் முழுக்க ஒரே மாதிரி வீசும். ஆளைக் கவிழ்ப்பது கோடைமழைக் காற்று. மூன்று மணிவரை இலை அசையாது, நான்கு மணிக்கு மேற்கே கறுக்கும், பத்தாவது நிமிடம் புழுதியோடு அடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் 20-க்கு 10 அடி பிளெக்ஸைப் பாதி கட்டி முடித்திருந்தால், அது பாய்மரம்தான். 40 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த அளவு பிளெக்ஸ் மேல் சுமார் 140 கிலோ தள்ளும். 60 ஆனால் 300 கிலோவைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் தள்ளும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும் என்பதால்தான் ‘கொஞ்சம் காத்து ஜாஸ்தி’ என்று நினைப்பதற்குள் கயிறு கையை விட்டுப் போகிறது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது, விரலோடு போன ஆளை எனக்குத் தெரியும்.

2023 ஜூன் 1, கருமத்தம்பட்டி அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய இரும்பு ஹோர்டிங்கில் வேலை நடந்துகொண்டிருந்தபோது காற்று அடித்து மொத்த பிரேமும் சரிந்தது. தொழிலாளர்கள் மூன்று பேர் அங்கேயே போனார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் பலர் அந்தச் சாலையில் வேலை பார்த்தவர்கள் என்பதால் அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் பேச்சு அதுதான். ‘பெல்ட் போட்டிருந்தாங்களா’ என்று எல்லோரும் கேட்டார்கள். பிரேமே விழும்போது, பிரேமில் மாட்டிய பெல்ட் ஆளையும் அதனோடு இழுத்துக்கொண்டுதான் போகும். ஹோர்டிங்கில் ஏறுகிறவன் தன் உயிரை ஒப்படைப்பது அதன் அஸ்திவாரத்திடம். அதை யார் போட்டார், எவ்வளவு ஆழம், என்ஜினியர் பார்த்தாரா என்பதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த வருடம் மே 13-ல் மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்த ஹோர்டிங் 120-க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிப்பது 40-க்கு 40. செத்தவர்கள் 17 பேர், பெட்ரோல் போட வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும்.

புதிதாக மாட்டுவதைவிடப் பழசைக் கழற்றுவது ஆபத்து என்பேன், கூலி என்னவோ அதற்குத்தான் குறைவு. 2018 அக்டோபர் 5, புனே ரயில் நிலையம் அருகே பழைய ஹோர்டிங்கை அகற்றும்போது பிரேம் சிக்னலில் நின்ற வண்டிகள் மேல் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். மேலேயிருந்து பிரித்து வராமல் அடியை வெட்டியிருக்கிறார்கள். கட்டியது எந்த வரிசையோ அதற்குத் தலைகீழாகத்தான் கழற்ற வேண்டும்: முதலில் பிளெக்ஸ், அப்புறம் மேல் பிரேம், கடைசியில் கால். நேரம் மிச்சம் பிடிக்கக் காலை வெட்டிச் சாய்க்கிறேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களோடு வேலைக்குப் போகாதீர்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு காலையும் தரையோடு சேரும் இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். பைப்புக்குள் தண்ணீர் தேங்கி உள்ளேயிருந்து துருப்பிடித்தது மொத்தென்று சொல்லும். வெளியே போன வருடம்தான் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

கட்டிங் வீல் உடைந்து முகத்தில் அடிப்பது, பிளேடு கிழிப்பது, டிரில் மாட்டிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்புவது எல்லாம் தினப்படி. வீலை மறைக்கும் கார்டைக் கழற்றாத மெஷின், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கை சட்டை வேண்டும். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் வலி உடனே வராது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண் அள்ளிப் போட்ட மாதிரி வரும். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடிபட்ட பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. ஆஸ்பத்திரியில் “எப்படி ஆச்சு?” என்று கேட்டதும், கூட வந்தவர் முந்திக்கொண்டு, “பைக்ல வழுக்கி விழுந்துட்டாருங்க” என்பார். முதலாளிக்குப் போலீஸ் தொந்தரவு வேண்டாமே என்ற நல்லெண்ணம், அடிபட்டவரும் தலையாட்டுவார். அது அப்படியே ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவான ஏஆர் காப்பியில் ஏறிவிடும். பிறகு எந்த இழப்பீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். வேலை செய்யும் இடத்தில், வேலை நேரத்தில், இவரிடம் வேலை செய்தபோது விழுந்தார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும் முதலாளி, மூன்றாவது மாதம் போன் எடுக்க மாட்டார். எல்லோரும் அப்படியில்லை, ஆனால் பார்த்திருக்கிறேன்.

தொழிலாளர் இழப்பீட்டுக்கு 1923-லிருந்தே சட்டம் இருக்கிறது, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. வேலையில் ஆள் இறந்தால், தப்பு யாருடையது என்று தேடாமல், மாதக் கூலியில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்கி முதலாளி கொடுக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. கூலிக்கு 2020-ல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்குப் போட்டால் பதினைந்தரை லட்சத்துக்கு மேல் வருகிறது. என்னைப் போன்ற சின்னக் கடைக்காரன் கடையை விற்றாலும் அது வராது. அதற்குத்தான் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது. இத்தனை ஆள், இந்த வேலை, இவ்வளவு கூலி என்று எழுதிக் கொடுத்து எடுக்கலாம். எடுக்கும்போது ‘பிரின்டிங் கடை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பிரீமியம் குறையும்தான், ஆனால் உயரத்தில் வேலை என்று எழுதாவிட்டால் கிளெய்ம் நிற்காது.

இப்போது என் கொட்டேஷனில் ‘பிட்டிங்’ என்று தனி வரி. அதற்குள் பகலில் ஒருமுறை இடம் பார்ப்பது, சாரமோ லிப்டோ, மேலே பார்க்க ஒரு ஆள், பாலிசி, எல்லாம் அடக்கம். முதல் நாள் ராத்திரி மாட்டுவதில்லை, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் இடம் தயாராக இருந்தால் வருவோம் என்று கீழே ஒரு வரி. சிலர் ஆர்டரை வெட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர், “அங்க ஃப்ரீனு சொன்னாங்களே” என்று பேரம் பேசி, கடைசியில் பாதி கொடுக்கிறார்கள். முழுதாகக் கொடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும்தான், அவர்களுக்குச் சேஃப்டி என்று ஒரு காகிதம் கேட்கும் அதிகாரி இருக்கிறார்.

ஆட்கள் தரப்பில் நான் விடாமல் பிடித்துச் செய்ய வைப்பது ஒன்று. வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு, இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 வயதிலிருந்து 70 வரை எடுக்கலாம். மே மாதக் கடைசியில் பணம் எடுப்பார்கள், அந்த நேரம் கணக்கில் இருபது ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். எங்கள் பையன்கள் கணக்கில் மாசக் கடைசியில் இருபது ரூபாய் இருக்காது. அதனால் மே 20-ஆம் தேதி வாக்கில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஜிபே போட்டுவிடுகிறேன். போன வருடம் ஒருத்தன் அதையும் ரீசார்ஜ் பண்ணிவிட்டான், மறுபடி போட வேண்டியதாயிற்று.